மெமரியைத் தின்னும் மென்பொருள்



சென்ற மாத உரை ஒலிபரப்பான கிழமை ஒரு தாயார் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேள்வி ஒன்று கேட்டிருந்தார். அறிவிப்பாளர் அதை அப்படியே எழுதி என்னிடம் தந்தார். "தம்பி, என்ரை மகன் நெற்வேர்க் வேலை செய்யிறான். பின்னேரம் ஒரு புரோகிராமை ஓட விட்டிட்டு வருவான். காலமை போய்ப் பார்த்தால் மெமரி காணாமல் அது நிண்டு போச்சுதாம். இப்பிடி மூண்டு கிழமையாய் அலையிறான். கூட மெமரி வாங்கிப் போட்டால் சரிவராதோ?"

இதை அம்மாவின் அறியாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தத் தொழிலில் நல்ல சம்பளம் வாங்குகிறவர்களும் முதலில் சொல்லும் மருந்து இதுதான். நான் இருபத்திரண்டு வருடமாக இந்த ரொறன்ரோவில் நெற்வேர்க் கேபிளும் சுவிச்சுமாகத் திரிகிறவன். என்னுடைய சுருக்கமான பதில், சரிவராது என்பதுதான். ஏன் சரிவராது என்பதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். ஆறுதலாகக் கேளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள்.

அந்தத் தம்பி ஓட விட்டது பெரும்பாலும் வயர்ஷார்க் என்ற மென்பொருளாகத்தான் இருக்கும். இன்ரநெற்றில் எதுவும் முழுதாகப் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்கிற இந்த வானொலி, யாழ்ப்பாணத்தில் இருக்கிற அக்காவோடு கதைக்கிற கதை, வங்கிக் கணக்கு எல்லாமே சிறு துண்டுகளாக வெட்டப்பட்டுத்தான் போகின்றன. இந்தத் துண்டுகளுக்குப் பக்கற் என்று பெயர். சாதாரணமாக ஒரு பக்கற் 1500 பைற்றுக்கு மேல் போகாது. ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புகிறவரின் விலாசமும் பெறுகிறவரின் விலாசமும் இருக்கும். வயர்ஷார்க் கேபிளின் ஓரத்தில் இருந்துகொண்டு போகிற வருகிற பக்கற்றுக்களை எல்லாம் படி எடுத்து, இது யார் யாருக்குச் சொன்னது, இதற்கு என்ன பதில் வந்தது என்று பிரித்துக் காட்டும். ஒரு நெற்வேர்க்கில் எங்கேயோ பிழை, ஆனால் எங்கே என்று தெரியவில்லை என்றால் கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது இதனிடம்தான்.

இதை எழுதத் தொடங்கியவர் ஜெரால்ட் கோம்ப்ஸ் என்ற அமெரிக்கர். கன்சாஸ் சிற்றியில் ஒரு சிறிய இன்ரநெற் சேவை நிறுவனத்தில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் இந்த வேலைக்கான கருவிகள் யானை விலை. ஆகவே தனக்கு வேண்டியதைத் தானே எழுதி, 1998 இல் ஈதீரியல் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார். 2006 இல் அவர் வேலை மாறியபோது பழைய பெயரின் உரிமை அவரோடு கூட வரவில்லை. அதனால்தான் வயர்ஷார்க் என்ற புதுப்பெயர். அன்று தொடக்கம் இன்றுவரை ஒரு சதமும் கொடுக்காமல் யாரும் எடுத்துப் பாவிக்கலாம். வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு இதை நான் எப்போதும் சொல்வேன். படிப்பதற்குக் காசு வேண்டாம், நேரம் மட்டும் வேண்டும்.

சரி, இது ஏன் மெமரியைத் தின்கிறது?

பிடித்த பக்கற்றுக்கள் எல்லாம் மெமரியில் குவிந்து கிடக்கின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வயர்ஷார்க்கோடு டம்ப்கப் என்று ஒரு சிறிய புரோகிராம் சேர்ந்து வருகிறது. பக்கற்றைப் பிடிக்கிற வேலை அதனுடையது. பிடித்த கையோடு அதை டிஸ்க்கில் ஒரு கோப்பில் எழுதிவிடும். மெமரியை நிரப்புவது பக்கற் அல்ல, பக்கற்றைப் பற்றி வயர்ஷார்க் எழுதி வைக்கும் குறிப்புகள். ஒவ்வொரு பக்கற்றுக்கும் அது கோப்பில் எங்கே கிடக்கிறது, எத்தனை மணிக்கு வந்தது, எந்த உரையாடலைச் சேர்ந்தது என்று ஒரு குறிப்பு. யார் யாரோடு கதைக்கத் தொடங்கினார்கள் என்று ஒரு பட்டியல். கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை என்றால், வரும்வரை அந்தக் கேள்வியை நினைவில் வைத்திருக்க வேண்டும். பத்துத் துண்டில் ஒன்பது வந்து ஒன்று வராவிட்டால், அந்த ஒன்பதையும் கையில் வைத்துக்கொண்டு பத்தாவதுக்காகக் காத்திருக்க வேண்டும்.

வந்து போனவற்றை மறந்தால் என்ன என்று கேட்பீர்கள். அதனால் மறக்க முடியாது. ஏனென்றால் திரைக்கு முன்னால் இருக்கிற மனிதர் எந்த நேரமும் ஏழாவது பக்கற்றைக் காட்டு என்பார், அடுத்த நிமிடம் எழுபது இலட்சமாவது பக்கற்றைக் காட்டு என்பார். இரண்டுக்கும் உடனே விளக்கம் சொல்ல வேண்டும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதை நினைத்துப் பாருங்கள். அகதிக் கோரிக்கை முடியும் வரைக்கும் ஒரு துண்டுக் கடதாசியை எறிந்தோமா? விமான ரிக்கற்றின் அடிக்கட்டை, மருந்துச் சிட்டை, ஊரில் இருந்து வந்த கடித உறை எல்லாம் பத்திரமாக இருந்தன. எந்த அதிகாரி எந்த நாள் எதைக் கேட்பார் என்று யாருக்குத் தெரியும்? கேஸ் முடிந்து, பிரஜாவுரிமை எடுத்து, பிள்ளைகள் கலியாணம் முடித்த பிறகும் கட்டிலுக்குக் கீழே அந்தச் சூட்கேஸ் இருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். எங்கள் வீடும் ஒன்று. வயர்ஷார்க்கும் அப்படியொரு சூட்கேஸை வைத்துக்கொண்டு இருக்கிறது. ஒரு வித்தியாசம், அதனுடைய சூட்கேஸுக்குள் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கடதாசி வந்து விழுகிறது.

இப்போது உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். எங்கள் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள், படுக்கையிலும் இருக்கிறார்கள், வேலையிலும் இருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் இரவு வேலையில் இருப்பவர் கையில் உள்ள கம்பியில்லாத் தொலைபேசி அடிக்கும். எடுத்து, "என்ன அம்மா வேணும்?" என்று கேட்கலாம். இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு வந்தது. சில இரவுகளில் தொலைபேசி அடிக்கும், எடுத்தால் மறுபக்கத்தில் சத்தம் இல்லை. கட்டிலில் இருப்பவர் கதைப்பது தாதிக்குக் கேட்காது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஒரு முறை விழுந்து கிடந்த ஒரு முதியவர் கயிற்றை இழுத்தும் குரல் கேட்கவில்லை. அறைக்கு மேலே எரிகிற விளக்கைக் கண்டு ஒருவர் ஓடிப்போனதால் ஆள் தப்பினார்.

தொலைபேசி நிறுவனம் நெற்வேர்க்கில்தான் பிழை என்றது. நெற்வேர்க் பார்த்த ஒப்பந்தக்காரர் தொலைபேசியில்தான் பிழை என்றார். இது எங்கும் நடக்கிற கதை. கடைசியில் ஒப்பந்தக்காரரின் ஆள் ஒரு கணினியில் வயர்ஷார்க்கைத் திறந்து, பின்னேரம் 6 மணிக்கு ஓட விட்டுவிட்டுப் போனார். அது 8 கிகாபைற் மெமரி உள்ள கணினி. இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அடுத்து 32 கிகாபைற் உள்ளதைக் கொண்டு வந்தார். அது சாமம் 2 மணி தாண்டி நின்றது. கோளாறு வருவதோ பெரும்பாலும் 3 மணிக்குப் பிறகு. அடுத்த ஆலோசனை 64 கிகாபைற். அந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

காசு செலவழிக்கும் முன் ஒரு கடதாசியும் பேனையும் எடுங்கள் என்றேன். அந்தக் கேபிளில் தொலைபேசி மட்டும் போகவில்லை. நடைபாதைக் கமராக்களின் படமும் அதே வழியில்தான் போகிறது. எல்லாம் சேர்த்துச் செக்கனுக்கு ஏறக்குறைய 5000 பக்கற். ஒரு பக்கற்றுக்கான குறிப்பு 200 பைற் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த அளவு, பக்கற்றின் தன்மையைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். செக்கனுக்கு 10 இலட்சம் பைற், அதாவது ஒரு மெகாபைற். மணித்தியாலத்துக்கு 3.6 கிகாபைற். எட்டில் இரண்டை விண்டோஸ் எடுத்தால் மிச்சம் ஆறு, இரண்டு மணித்தியாலம்கூடத் தாங்காது. 32 இல் மிச்சம் 30, எட்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும். பின்னேரம் ஆறோடு கூட்டிப் பாருங்கள், விடியப்புறம் 2.20. நடந்ததும் அதுதான். 64 வாங்கினால் மற்ற நாள் முற்பகல் 11 மணி போல நிற்கும். ஆனால் இந்தக் கோளாறு ஒவ்வொரு இரவும் வருவதில்லை. நான்கு நாள், ஐந்து நாள் வராமல் இருக்கும். ஆகவே மெமரி வாங்குவது என்பது வட்டிக்கு வாங்கிக் கடன் கட்டுகிற மாதிரித்தான். தவணை தள்ளிப்போகும், கடன் அப்படியே இருக்கும்.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வயர்ஷார்க் தயாரிப்பாளர்களே பல வருடமாகச் சொல்லிவருவதுதான். நீண்ட நேரம் பிடிப்பதற்கு வயர்ஷார்க்கைத் திறக்க வேண்டாம், டம்ப்கப்பை மட்டும் ஓட விடுங்கள் என்கிறார்கள். டம்ப்கப் பக்கற்றுக்கு அர்த்தம் சொல்வதில்லை. பிடிக்கும், எழுதும், மறந்துவிடும். மறந்துவிடுவதால் அதன் மெமரி முதல் நாளும் பத்தாவது நாளும் ஒரே அளவில் நிற்கும்.

ஆனால் மெமரிக்குப் பதிலாக டிஸ்க் நிரம்புமே? அதற்கு வளையம் போல எழுதச் சொல்லலாம். 100 மெகாபைற்றுக்கு ஒரு கோப்பு, மொத்தம் 300 கோப்பு. முந்நூறும் நிரம்பினால் ஆகப் பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும். 30 கிகாபைற்றுக்கு மேல் ஒருபோதும் போகாது.

அடுத்தது, எதைப் பிடிப்பது என்பது. கமராப் படம் எங்களுக்கு வேண்டியதில்லை. அதைப் பிடித்த பிறகு மறைத்துக் காட்டுவது ஒரு முறை, பிடிக்காமலே விடுவது இன்னொரு முறை. வயர்ஷார்க்கில் இரண்டுக்கும் வேறு வேறு பில்ரர் உண்டு. திரையில் மறைக்கிற பில்ரரைப் போட்டால் மெமரி ஒரு பைற்கூட மிஞ்சாது. இது பலருக்குத் தெரிவதில்லை. பிடிக்கும்போதே தடுக்கிற பில்ரர், இயங்குதளத்தின் அடியிலேயே பக்கற்றை வெட்டி விலக்கிவிடும். அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் ஸ்டீவன் மக்கன், வான் ஜேக்கப்சன் என்ற இருவரும் உருவாக்கி 1993 இல் எழுதி வெளியிட்ட முறை அது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் இன்றும் அதுதான் பாவனையில் இருக்கிறது. நாங்கள் தொலைபேசிகளின் விலாசங்களையும், அதோடு யாருடைய விலாசம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நெற்வேர்க்கில் எல்லோரும் ஒருவரையொருவர் விசாரிக்கிற பக்கற்றுக்களையும் மட்டும் அனுமதித்தோம். இந்த விசாரணைக்கு ஆர்ப் என்று பெயர். குரல் ஒரு பக்கம் மட்டும் போகவில்லை என்றால் விலாசக் குழப்பமாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

மூன்றாவது, ஒவ்வொரு பக்கற்றிலும் எவ்வளவைப் பிடிப்பது. இதில்தான் நான் பிடிவாதமாக நின்றேன். தொலைபேசிக் குரல் பக்கற் ஒன்று 200 பைற்றுக்கு மேலே இருக்கும். அதில் முதல் 54 பைற் விலாசமும் வரிசை இலக்கமும். மிச்சம் 160 பைற், 20 மில்லிசெக்கன் நேரத்து மனிதக் குரல். ஒரு கிழவியின் வேதனை, தாதியின் ஆறுதல், மலசலத்துக்கு உதவி கேட்கிற கூச்சம் எல்லாம் அந்த 160 பைற்றுக்குள் இருக்கிறது. அதைச் சேர்த்து எடுத்தால் வயர்ஷார்க் அதைத் திரும்பச் சத்தமாகவே போட்டுக் காட்டும். அந்த வசதி அதில் உண்டு. முழுதாக எடுத்தால் என்ன, பிறகு தேவைப்படலாமே என்று ஒப்பந்தக்காரரின் ஆள் கேட்டார். எங்களுக்குத் தேவை விலாசம், குரல் அல்ல என்று சொல்லி, ஒவ்வொரு பக்கற்றிலும் முதல் 64 பைற்றோடு வெட்டச் சொன்னேன். ஆர்ப் பக்கற்றின் செய்தி 42 பைற்றிலேயே முடிந்துவிடும், ஆகவே அது முழுதாக வரும். குரல் வராது. எங்களைப் பற்றி யாரோ எங்கேயோ எழுதி வைத்த பட்டியல்களால் என்ன நடந்தது என்று தெரிந்த சனம் நாங்கள். மற்றவருடைய கதையை எடுத்து வைக்கும்போது எங்களுக்குக் கை கொஞ்சம் நடுங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இரவில் ஆகக் கூடினால் ஐந்து அழைப்பு ஒரே நேரத்தில் போகும். ஓர் அழைப்புக்கு இரண்டு பக்கமும் சேர்த்துச் செக்கனுக்கு 100 பக்கற். ஐந்துக்கு 500. கோப்பில் எழுதும்போது ஒன்றுக்கு ஏறக்குறைய 100 பைற். அப்படியென்றால் ஒரு கோப்பு நிரம்ப அரை மணித்தியாலத்துக்கு மேலே எடுக்கும். முந்நூறு கோப்பும் நிரம்ப ஏறக்குறைய ஒரு கிழமை. அழைப்பு இல்லாத நேரம் இன்னும் மெதுவாகப் போகும். இதற்கு அந்தப் பழைய 8 கிகாபைற் கணினியே தாராளம். புதிதாக ஒன்றும் வாங்கவில்லை.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த இல்லத்தில் இரவு வேலை செய்கிற எங்களுடைய அக்கா ஒருவர், யாரும் சொல்லாமலே, கோளாறு வந்த நேரங்களை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். மூன்று கிழமையில் பதினொரு வரி. திகதி, நேரம், எந்த அறை. அவ்வளவுதான். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் முந்நூறு கோப்பில் எதைத் திறப்பது? ஐந்தாவது இரவு அவர் 3.12 என்று எழுதினார். காலையில் அந்த நேரத்துக்குரிய ஒரே ஒரு கோப்பைத்தான் வயர்ஷார்க்கில் திறந்தோம். பத்து இலட்சம் பக்கற் அளவு. மெமரி இருநூறு முந்நூறு மெகாபைற்றோடு நின்றது. வயர்ஷார்க் தானாகவே மஞ்சள் எச்சரிக்கை ஒன்று போட்டிருந்தது. ஒரே விலாசத்தை இரண்டு பெட்டிகள் தங்களுடையது என்று சொல்கின்றன என்று.

ஒன்று தாதியின் தொலைபேசி. மற்றது எது? ஒவ்வொரு நெற்வேர்க் பெட்டிக்கும் தொழிற்சாலையிலேயே ஓர் இலக்கம் கொடுக்கப்படும். அதன் முதல் மூன்று பைற் அதைச் செய்த நிறுவனத்தைக் காட்டும். அதை வைத்துப் பார்த்தால் ஒரு பிறின்ரர் நிறுவனம். தேடிப்போனால், நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கிற இடத்தில் ஒரு சின்ன லேபல் பிறின்ரர். புதிதாக வருகிற முதியவர்களின் உடுப்பில் தைப்பதற்குப் பெயர் அடிக்கிற பிறின்ரர் அது. யாரோ பல வருடத்துக்கு முன்னர் அதற்குக் கையால் ஒரு விலாசம் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்த நேரமும் அணைத்தே இருப்பதால், அந்த விலாசம் சும்மா கிடக்கிறது என்று நினைத்து நெற்வேர்க் அதைத் தொலைபேசி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. புதிய ஆள் யாராவது வந்து சேர்ந்த கிழமையில், தோய்க்கிறவர் விடியப்புறம் பிறின்ரரைப் போடுவார். போட்டவுடன் குரல் பக்கற்றுக்கள் தொலைபேசியை விட்டுவிட்டுப் பிறின்ரருக்குப் போகத் தொடங்கும். ஒவ்வொரு இரவும் வராததற்குக் காரணம் அதுதான். எல்லாத் தொலைபேசியும் ஒரே சார்ஜரில் அடுக்கிக் கிடப்பதால், ஒரே தொலைபேசியில்தான் இது வருகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிறின்ரருக்கு வேறு விலாசம் போட்டோம். பத்து நிமிட வேலை. அன்றைக்கே இல்லத்து முகாமையாளரின் முன்னால் அந்தக் கோப்புகள் எல்லாவற்றையும் அழித்தோம்.

நேயர்களே, இது ஒரு சின்ன இடத்துக் கதை. பெரிய பல்கலைக்கழகம், பெரிய நிறுவனம் என்றால் இப்படி எழுதி வைத்துப் பிறகு பார்ப்பது சரிவராது. அங்கே மென்பொருள் நாள் முழுக்க ஓடிக்கொண்டே கண்காணிக்க வேண்டும். சீக் என்று ஒரு மென்பொருள் உண்டு. வேர்ண் பக்சன் என்பவர் 1995 இல் புறோ என்ற பெயரில் தொடங்கியது, 2018 இல் பெயர் மாற்றினார்கள். அவரும் ஜேர்மன் ஆய்வாளர்கள் சிலரும் 2004 இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பெரிய நெற்வேர்க்குகளில் புறோவை ஓட விட்ட அனுபவம் பற்றியது. அவர்கள் அங்கே போராடியதில் பெரும்பகுதி இந்த மெமரியோடுதான். முடிந்துபோன உரையாடலையும் முடியாதது என்று நினைத்து மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கும். மருந்து, காலக்கெடு வைப்பது. இத்தனை நிமிடம் இருவரும் ஒன்றும் கதைக்காவிட்டால் அந்தக் கணக்கை மூடு என்று. கெடு நீளமென்றால் மெமரி நிரம்பும். குறுகியதென்றால், பொறுமையாக நடுவில் மூச்சு விட்டுவிட்டு வருகிற திருடன் தப்பிவிடுவான். இதற்குச் சரியான இலக்கம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் இருந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

தாக்குதல் நடக்கும்போது நிலைமை இன்னும் மோசம். 2003 ஜனவரி 25 ஆம் திகதி ஸ்லாமர் என்ற புழு பரவியதைச் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். முழுப்புழுவும் 404 பைற் உள்ள ஒரே ஒரு பக்கற். தொடக்கத்தில் 8.5 செக்கனுக்கு ஒரு தடவை இரட்டித்தது. பத்து நிமிடத்துக்குள், பிடிபடக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு பக்கற்றும் குருட்டு வாக்கில் புது விலாசத்துக்குப் போவதால், உரையாடலைக் கணக்கு வைக்கிற மென்பொருளுக்கு ஒவ்வொன்றும் ஒரு புது உரையாடல், ஒரு புதுக் குறிப்பு. காவல்காரன் நின்று பார்க்க வேண்டிய அந்த நேரத்தில்தான் அவனுக்கு மெமரி முட்டுகிறது. லினக்ஸ் என்றால், மெமரி முழுக்க முடிந்த கட்டத்தில் இயங்குதளமே ஒரு புரோகிராமைத் தெரிந்து கொன்றுவிடும். கூடத் தின்கிறவனைத்தான் பெரும்பாலும் தெரியும். அது யாராக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும் எழுதாமலே எண்ணத் தெரிந்தால் நல்லதுதானே? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒருவர் காசு சுண்டிக்கொண்டிருக்கிறார். பூ விழும்வரை சுண்டுவார், பிறகு திரும்பவும் முதலில் இருந்து. எத்தனை முறை தொடங்கினார் என்று நீங்கள் எண்ணவில்லை. ஒருமுறை தொடர்ந்து பத்துத் தடவை தலை விழுந்தது என்று மட்டும் சொல்கிறார். அப்படியென்றால் ஆயிரம் முறை அளவில் தொடங்கியிருப்பார் என்று ஊகிக்கலாம். நினைவில் வைக்க வேண்டியது பத்து என்ற ஒரு இலக்கம் மட்டும். இந்த எண்ணத்தை வளர்த்து, பிலிப் பிளாஜோலே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரும் நண்பர்களும் 2007 இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். நூறு கோடிக்கு மேற்பட்ட வேறு வேறு விலாசங்களை, ஒன்றரைக் கிலோபைற் மெமரியில், ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பிழையோடு எண்ணலாம். யார் யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எத்தனை பேர் என்று கேட்டால் சொல்லும். கிரகாம் கோர்மோட், முத்துகிருஷ்ணன் என்ற இருவர் 2005 இல் வெளியிட்ட இன்னொரு முறை, யார் கூடத் தின்கிறார்கள் என்பதைச் சிறிய இடத்தில் கணிக்கும். பெயரைக் கேட்டவுடன் சில பேர் வானொலியின் சத்தத்தைக் கூட்டியிருப்பீர்கள்.

ஒழுக்கு என்பது வேறு விசயம். மென்பொருளை எழுதியவர் எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுக்க மறந்தால் அது ஒழுக்கு. வயர்ஷார்க்கிலும் அப்படி வந்திருக்கிறது, திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள், ஆகவே புதிய பதிப்பையே வைத்திருங்கள். ஒழுக்கா, வெறும் குறிப்பா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரே கோப்பை நான்கைந்து தடவை திறந்து மூடுங்கள். மூடியவுடன் மெமரி இறங்காவிட்டால் பயப்பட வேண்டாம், அதைப் பிறகு பாவிக்க வைத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் படிப்படியாக ஏறிக்கொண்டே போனால்தான் ஒழுக்கு. டிஷார்க் என்று திரையில்லாத வடிவமும் உண்டு. அதற்கு மெமரி தேவையில்லை என்று ஒரு கதை உலாவுகிறது. சரியல்ல, அதுவும் குறிப்பு வைக்கும். ஆனால் இத்தனை பக்கற்றுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தொடங்கு என்று அதற்குக் கட்டளை கொடுக்கலாம்.

ஒன்றே ஒன்று, இளம் பிள்ளைகளுக்கு. வயர்ஷார்க்கைச் சொந்த வீட்டில், சொந்தக் கணினியில் போட்டுப் பழகுங்கள். கோப்பிக் கடையிலோ பள்ளிக்கூடத்திலோ மற்றவருடைய தொடர்பை எடுத்துப் பார்க்க வேண்டாம். தனிப்பட்டவர்களின் தொடர்பாடலைத் தெரிந்துகொண்டே இடைமறிப்பது கனடாவின் குற்றவியல் சட்டத்தில் குற்றம். வேலையிடத்தில் என்றால் உரியவரிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். அந்த முதியோர் இல்லத்திலும், எதைப் பிடிக்கிறோம், எத்தனை பைற்றோடு வெட்டுகிறோம், எந்த நாள் அழிக்கிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி முகாமையாளரின் கையொப்பம் வாங்கிய பிறகுதான் கேபிளைச் செருகினேன்.

கேள்விகள் இருந்தால் வழமைபோல நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள்.